குப்பன்: யார் வைத்த பெயர்?

"குப்பனும் சுப்பனும் எல்லாம் இன்னைக்கு எலக்சன்ல நிக்கிறான்." தேர்தல் வந்துவிட்டால் மொரப்பூர் டீக்கடைகளில் இந்தப் பேச்சு காதில் விழும். அரூர் தனித்தொகுதி இருக்கிற வட்டாரம் இது. யார் நிற்பதைப் பற்றிய எரிச்சல் என்று விளக்க வேண்டியதில்லை. இதே சொற்றொடரைப் பத்திரிகைகள் கொஞ்சம் நாகரிகமாகப் பயன்படுத்தும். 'குப்பனுக்கும் சுப்பனுக்கும் இந்த பட்ஜெட்டில் என்ன இருக்கிறது?' என்று தலையங்கம் எழுதும். முன்னது வசவு. பின்னது இரக்கம். இரண்டிலும் குப்பன் ஓர் ஆள் இல்லை. முகமில்லாத கும்பலுக்குப் போட்ட பொதுப்பெயர்.

என் தாத்தாவின் பெயர் குப்பன். எங்கள் சேரியில் ஒரு காலத்தில் பெரிய குப்பன், சின்னக் குப்பன், நெட்டைக் குப்பன், மேளக்காரக் குப்பன் என்று அடைமொழி போட்டுப் பிரித்துக் கூப்பிட வேண்டிய அளவுக்குக் குப்பன்கள் இருந்தார்கள். இன்றைக்குத் தொட்டிலில் கிடக்கும் ஒரு குழந்தைக்கும் அந்தப் பெயர் இல்லை. இரண்டு தலைமுறையில் ஒரு பெயர் துடைத்து எடுக்கப்பட்டுவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, யார் வைத்தார்கள், எதற்காக வைத்தார்கள் என்று தெரிந்துகொள்ளாமலே துடைத்துவிட்டோம் என்பதுதான் உறுத்துகிறது.

நம் தோழர்களிடம் கேட்டால், 'ஆண்டைகள் வைத்த இழிபெயர்' என்பார்கள். பகுத்தறிவு பேசுகிறவர்களிடம் கேட்டால், 'மூடநம்பிக்கையில் வைத்த பெயர்' என்பார்கள். படித்து வேலைக்குப் போன நம் பிள்ளைகளிடம் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். இந்த மூன்று பதிலும் போதாது என்பதே இந்தக் கட்டுரை.

1

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'குப்பை' என்றதும் நமக்கு வேண்டாததும் நாறுவதும்தான் நினைவுக்கு வருகிறது. இது நகரம் கொடுத்த பொருள். தமிழில் குப்பை என்பதற்கு மூலப்பொருள் குவியல். குவி, குவை, குப்பை எல்லாம் ஒரே குடும்பம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் குவியல் என்ற பொருளைத் தருகிறது. களத்தில் குவித்த தானியமும் குப்பைதான். சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்றே ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரைக் கேட்டு யாரும் மூக்கைப் பிடிப்பதில்லை. சங்கப் புலவர்களில் ஒருவருக்குக் குப்பைக்கோழியார் என்று பெயர். குறுந்தொகை 305-ஆம் பாட்டில் அவர் சொன்ன உவமையே அவருக்குப் பெயராகிவிட்டது. 'ஆர்' விகுதியோடு, மரியாதையோடு.

மொரப்பூர்ப் பக்கத்து மானாவாரி விவசாயத்தில் குப்பை என்றால் எரு. கேழ்வரகும் சாமையும் விதைக்கிற காட்டுக்குக் கோடையில் 'குப்பை அடிக்கணும்' என்பார்கள். மாட்டுச் சாணம், அடுப்புச் சாம்பல், தழை, தட்டு எல்லாம் வருஷம் முழுக்கச் சேர்ந்த மேட்டை வெட்டி வண்டியில் ஏற்றிக் காட்டில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். வீட்டு வாசலில் குப்பைமேடு பெரிசாக இருந்தால் அந்த வீட்டில் மாடு அதிகம், விளைச்சல் அதிகம் என்று அர்த்தம். கல்யாணம் ஆகி ஒருவரோடு ஒருவர் காலம் தள்ளுவதைக்கூட 'குப்பை கொட்டுறது' என்றுதான் நம் ஜனங்கள் சொல்வார்கள். ஆக, குப்பை என்பது உழைக்கிற சனத்தின் அகராதியில் கேவலமான சொல் அல்ல. அழுகியதிலிருந்து முளைக்க வைக்கிற பொருள். அதை வெட்டுகிறவர்களும் சுமக்கிறவர்களும் நாம். அதன் மேல் முளைத்ததைத் தின்கிறவர்களுக்குத்தான் அது அசிங்கம்.

2

இனி, இந்தச் சொல் ஒரு குழந்தையின் பெயராக எப்படி ஆனது என்பது. எங்கள் பக்கத்தில் எண்பது வயதைத் தாண்டிய கிழவிகளிடம் கேட்டால் ஏறக்குறைய ஒரே மாதிரிச் சொல்வார்கள்:

"மொதல்ல பொறந்த புள்ளைங்க தங்கல. மூணு போயிடுச்சி. நாலாவது பொறந்ததும் தொப்புள்கொடி அறுத்து, தண்ணி ஊத்தி, மொறத்துல தவிட்டப் பரப்பி, அதுமேல புள்ளையக் கெடத்திக் குப்பமேட்டுல கொண்டாந்து வெச்சிட்டாங்க. ஆத்தாக்காரி திரும்பிப் பாக்காம வந்துரணும். பின்னாடி வர்ற பக்கத்து வூட்டுக்காரி, 'இது யாரு பெத்துப் போட்ட புள்ள, குப்பையில கெடக்குது'ன்னு தூக்கியாந்து, 'ஒரு படி தவிடு குடு, இத நீயே வெச்சிக்கோ'ன்னு ஆத்தாகிட்டயே விப்பா. அப்பறந்தான் பேரு. குப்பன்னு வெச்சா எமன் சீண்டமாட்டான்."

'உன்னத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்' என்று குழந்தைகளை இன்றும் சீண்டுகிறோமே, அந்த விளையாட்டுப் பேச்சின் மூலம் இதுதான். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைகளுக்குத் தவிடன், தவிட்டம்மா என்றும் பெயர். யாசகமாகப் பெற்றதாகப் பாவனை செய்தால் பிச்சை, பிச்சையம்மாள். பிறந்த ஆண் குழந்தைக்கு மூக்குக் குத்தி, 'இது பொட்டைப் புள்ள' என்று சாவை ஏமாற்றினால் மூக்கன், மூக்கையா. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளிலும் இந்த மாதிரி வழக்கங்கள் பதிவாகியிருக்கின்றன. வெள்ளைக்காரன் வினோதமாகப் பார்த்து எழுதினான். நம்மவர்கள் வெட்கப்பட்டு மறைத்தார்கள்.

இது தமிழ்ச் சேரிக்கு மட்டும் உரிய வழக்கமும் இல்லை. தெலுங்கில் 'பென்ட' என்றால் சாணக் குப்பை. தெலங்கானாவில் பென்டய்யா, பென்டம்மா என்று பெயர் உண்டு. கன்னடத்தில் 'திப்பெ' என்றால் குப்பைமேடு. திப்பண்ணா, திப்பம்மா, திப்பேசாமி எல்லாம் அதிலிருந்து வந்தவை. சித்ரதுர்கா மாவட்டத்து நாயகனஹட்டியில் திப்பேருத்ரசாமி என்ற பெயரில் ஒரு மகானுக்குப் பெரிய கோயிலும் தேரும் இருக்கின்றன. கடல் தாண்டிப் போனாலும் இதே கதை. ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அகான் மக்கள், முன் பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்குச் 'சுமினா' என்று பெயர் வைப்பார்கள். குப்பைமேடு என்று பொருள். 'டொன்கோர்' என்றும் வைப்பார்கள். அடிமை என்று பொருள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்கள் எங்கே இருந்தாலும் ஒரே யோசனைக்கு வந்திருக்கிறார்கள். உயர்ந்தது என்று தெரிந்தால் பறித்துக்கொள்வான்; தாழ்ந்தது என்று சொல்லி ஒளித்து வைப்போம். எமனிடம் செய்த இந்தத் தந்திரத்தை நம் ஜனங்கள் ஆண்டையிடமும் செய்தவர்கள்தானே. நல்ல கோழியை, நல்ல துணியை, நாலு காசை ஒளித்து வைக்காமல் எந்தச் சேரி பிழைத்தது?

ஆக முதல் கேள்விக்குப் பதில்: இந்தப் பெயரை வைத்தவள் தாய். ஆண்டை அல்ல.

இதில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குப்பம்மாளும் பிச்சையம்மாளும் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் நாலைந்து பெண் பிறந்த வீட்டில் வைத்த பெயர் 'போதும்பொண்ணு', 'வேண்டாம்'. குப்பன் என்ற பெயர் 'இது தங்கட்டும்' என்று சொன்னது. போதும்பொண்ணு என்ற பெயர் 'இனி இது வரவேண்டாம்' என்று சொன்னது. பெண் சிசுக்கொலைக்காகப் பத்திரிகைகளில் பேர் வாங்கிய மாவட்டம் எங்களுடையது. 1992-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு தர்மபுரிக்கும் வந்தது. பெயரின் வரலாற்றைப் பெருமையாகப் பேசும்போது இந்தப் பெயர்களையும் பக்கத்திலேயே வைத்துப் பேச வேண்டும்.

3

பிள்ளைகள் ஏன் தங்கவில்லை? 'எமன்' என்று கிழவி சொல்கிறாள். எமனுக்கு ஊர், தேதி, காரணம் எல்லாம் உண்டு.

மொரப்பூர் அன்றைக்குப் பழைய சேலம் மாவட்டத்தில் இருந்தது. தர்மபுரி தனி மாவட்டமானது 1965-இல்தான். 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலம் ஒன்று. 1871 குடிக்கணக்கில் இந்த மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 19.67 லட்சம். 1881-இல் அது சுமார் 16 லட்சம். பத்து வருஷத்தில் ஏற வேண்டிய எண்ணிக்கை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. மழை பொய்த்தது மட்டும் காரணமல்ல. தானியம் ரயிலில் வெளியே போய்க்கொண்டிருந்தது. நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கு ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி 1877-இல் நிர்ணயித்த படி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தை அளவாகக் கொண்டது. கல் உடைக்கிற ஆளுக்கு அரைக் கிலோவுக்கும் குறைவு. நிலமுள்ளவன் நகையை விற்றான், மாட்டை விற்றான். விற்க ஒன்றுமில்லாத பண்ணையாள்தான் முதலில் செத்தான். அவன் பிள்ளை அவனுக்கும் முன்னே செத்தது.

மொரப்பூர் வழியாக 1860-களிலேயே சென்னை-சேலம் ரயில் பாதை போனது. பஞ்சத்துக்குப் பிறகுதான், பஞ்ச காலத்தில் உள்நாட்டுக்குத் தானியம் கொண்டுபோகும் ஏற்பாடாக, 1906-இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குக் குறுகிய பாதை போட்டார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் 1941-இல் அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். பாதை போட்டதும் பிடுங்கியதும் அரசாங்கக் காகிதத்தில் இருக்கிறது. செத்த பிள்ளைகளின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. பெயர் வைப்பதற்கு முன்பே போன பிள்ளைகள் அவை. அவற்றுக்கு அடுத்துப் பிறந்து பிழைத்த பிள்ளையின் பெயரில்தான் அந்தச் சாவுகள் பதிவாகியிருக்கின்றன. ஒரு குப்பன் இருந்தால் அவனுக்கு முன்னால் ஒன்றோ இரண்டோ மூன்றோ பிள்ளைகளைப் புதைத்திருக்கிறார்கள் என்று பொருள். எங்கள் சேரியில் அத்தனை குப்பன்கள் என்றால், அவர்களுக்கு முன்னால் எத்தனை குழி என்று எண்ணிப் பாருங்கள்.

வெகு காலத்துக்கு முந்திய சங்கதி என்றும் தள்ளிவிட முடியாது. 1971-இல்கூடத் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளில் 113 ஒரு வயது முடிவதற்குள் இறந்தன. 2020-இல் அது 13. குப்பன் என்ற பெயர் மறைந்ததற்குப் பகுத்தறிவுப் பிரச்சாரம் மட்டும் காரணமல்ல. ஆரம்ப சுகாதார நிலையமும் தடுப்பூசியும் சத்துணவும் காரணம். எமனை ஏமாற்ற வேண்டிய தேவை குறைந்ததும் அந்தப் பெயர் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது.

4

அப்படியானால் இழிவு எங்கிருந்து வந்தது? இங்கேதான் பார்ப்பனியம் உள்ளே நுழைகிறது.

மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயம் 31-ஆம் சுலோகம் பெயர் வைப்பதற்குச் சட்டம் போடுகிறது. பிராமணன் பெயர் மங்களத்தைக் குறிக்க வேண்டும். சத்திரியன் பெயர் பலத்தை, வைசியன் பெயர் செல்வத்தை. சூத்திரன் பெயர் அருவருப்பைக் குறிக்க வேண்டும். 32-ஆம் சுலோகம் சூத்திரன் பெயரின் பின்பகுதி ஏவலைக் காட்ட வேண்டும் என்கிறது. அவர்ணர்களான நமக்கு அந்தப் பட்டியலில் பெயரே கிடையாது. இந்தச் சுலோகங்களை எடுத்துவைத்து டாக்டர் அம்பேத்கர் இந்து மதத்தின் தத்துவத்தை விசாரித்தார். 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அவர் தலைமையில் நடந்த மாநாட்டில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டபோது எரிந்தவற்றில் இந்தப் பெயர்ச் சட்டமும் ஒன்று.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. குப்பைப் பெயர் சேரியில் மட்டும் இல்லை. தியாகராஜரின் சீடர்களில் புகழ்பெற்ற ஒருவர் வீணை குப்பையர் (1798-1860). துப்பறியும் நாவல்கள் எழுதிக் குவித்தவர் ஆரணி குப்புசாமி முதலியார் (1866-1925). மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்தவர் குப்புசாமி சாஸ்திரி (1880-1943). அவர் பெயரில் மயிலாப்பூரில் ஓர் ஆய்வு நிறுவனம் இன்றும் இருக்கிறது. பார்வர்டு பிளாக் தலைவராக இருந்தவர் பி.கே. மூக்கையாத் தேவர். சிறுகதை எழுதிய வேங்கட மகாலிங்கம் நமக்குத் தெரிவது ந. பிச்சமூர்த்தி என்ற பெயரில்தான். அக்ரகாரத்திலும் பிள்ளை செத்தது. அங்கேயும் தாய் பயந்தாள். அவளும் குப்பையிடம்தான் ஓடிவந்தாள்.

ஒரே குப்பை. அக்ரகாரத்தில் விழுந்தால் குப்பையர், குப்புசாமி சாஸ்திரி. ஊரில் விழுந்தால் குப்புசாமி முதலியார், குப்பண்ணக் கவுண்டர். சேரியில் விழுந்தால் குப்பன். இழிவு 'குப்பு' என்ற பகுதியில் இல்லை. பின்னால் ஒட்டுகிற விகுதியில் இருக்கிறது. சாமி, ஐயர், அண்ணன் என்று ஒட்டினால் அது சாவை வென்ற பிள்ளையின் பெயர். வெறும் 'அன்' போட்டு நிறுத்தினால் ஏவலாளியின் பெயர். எம்.ஏ. வகுப்பில் ஆண்பால் ஒருமை விகுதி 'அன்' என்று படித்தேன். அந்த 'அன்' எங்கே நிற்கும், எங்கே 'அர்' ஆகும் என்பதை நன்னூல் தீர்மானிக்கவில்லை. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற ஓடை தீர்மானிக்கிறது.

விகுதியோடு முடிந்ததா? விளியும் இருக்கிறது. எழுபது வயதுக் குப்பனை ஊர்த்தெருவில் பத்து வயதுப் பொடியன் 'டேய் குப்பா' என்று கூப்பிடுவான். குப்பன் 'சொல்லுங்க சாமி' என்பார். நான் படித்த காலத்தில் ஒரு வாத்தியார் வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது சில பிள்ளைகளின் அப்பா பெயரை மட்டும் நிறுத்தி நீட்டிச் சொல்வார். வகுப்பு சிரிக்கும். அவர் சாதியைச் சொல்லவில்லை. பெயரைத்தான் படித்தார். அதுவே போதுமாக இருந்தது. கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனையால் ஊரெல்லாம் பரவிய நந்தனை நினைத்துப் பாருங்கள். நம்மவர் ஒருவருக்கு 'நந்தனார்' என்று ஊரே 'ஆர்' போட்டுச் சொல்ல, அவர் தீக்குள் இறங்கிப் பூணூலோடு வெளியே வர வேண்டியிருந்தது.

முற்போக்கு இலக்கியமும் இதில் முழுக்கத் தப்பவில்லை. பாரதிதாசன் 1930-இல் வெளியிட்ட 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்' கவிதைக் கதையில் நாயகி வஞ்சி, நாயகன் குப்பன். பெண்ணை அறிவாளியாகப் படைத்தது அந்தக் காலத்தில் பெரிய காரியம், மறுக்கவில்லை. காதலில் வாழ்கிற நாயகனுக்கு குப்பன் என்று பெயர் வைத்ததும் துணிச்சல்தான். ஆனாலும் மலையை அனுமார் தூக்குகிறார் என்று நம்பி நடுங்குகிறவன் குப்பன். புராணத்தை நம்புகிற பாமரனுக்கு ஒரு பெயர் வேண்டும் என்றதும் கவிஞர் கைக்கு எட்டியது அந்தப் பெயர்தான். புராணத்தை எழுதியவன் பெயர் குப்பன் இல்லையே!

5

பெயரின் இழிவை நம் முன்னோர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கவில்லை. இரண்டு வழிகளில் எதிர்த்தார்கள்.

அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) ஒரு வழி. பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் காத்தவராயன். கழுவேற்றப்பட்டுச் சாமியானவனின் பெயர். அவர் தனக்குக் கல்வி கொடுத்த ஆசிரியரின் பெயரைத் தன் பெயராக எடுத்துக்கொண்டார். பிறப்பு கொடுத்த பெயரை விட்டு அறிவு கொடுத்த பெயரைச் சூடியது அது. 1898-இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்டு, 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியபோது நம் மக்களுக்கே புதுப் பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தார். பூர்வ பௌத்தர், ஆதித்தமிழர் என்று.

இரட்டைமலை சீனிவாசன் இன்னொரு வழி. 1891-இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கி, 1893-இல் பத்திரிகை நடத்தும்போது அதற்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எந்தச் சொல்லால் அடித்தார்களோ அதே சொல்லைத் தலைப்பில் போட்டு, காசு கொடுத்து வாங்கிப் படி என்றார். மறைத்தால்தான் வசவு, நானே சொன்னால் அது என் பெயர் என்பது அவர் நிலை.

பிறகு எம்.சி. ராஜா சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து, 1922 மார்ச் 25 அன்று அரசாங்கப் பதிவுகளில் பறையர், பஞ்சமர் என்பதற்குப் பதில் ஆதிதிராவிடர் என்று எழுத ஆணை வந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. மேலே இருப்பவன் வாலை வெட்டச் சொன்னது நல்ல காரியம். ஆனால் நமக்கு வெட்டுவதற்கு வால் ஏது? நாம் கேட்டது மரியாதை விகுதி. 2000-களின் தொடக்கத்தில் தொல். திருமாவளவன் தமிழ்ப் பெயர் சூட்டும் இயக்கம் நடத்தி, தன் தந்தை ராமசாமியின் பெயரையே தொல்காப்பியன் என்று மாற்றினார். மகன் தகப்பனுக்குப் பெயர் வைத்தான்! 'எங்கள் பெயரை நாங்கள் வைப்போம்' என்ற உரிமைக் குரல் அது. அயோத்திதாசர் தொடங்கிய வழியின் தொடர்ச்சி.

6

பெயரை மாற்றுவது உரிமை. சந்தேகமே இல்லை. ஆனால் மாற்றுவது வேறு, மறப்பது வேறு. மறந்தால் நஷ்டம் நமக்குத்தான் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுச் சொல்கிறேன்.

ஒன்று, கடலுக்கு அப்பால். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தில் 342 பேரை இறக்கியது. தென்னாப்பிரிக்காவுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள். அதன் பிறகு ஐம்பது வருஷம் கப்பல் கப்பலாகப் போனார்கள். சேலம், வட ஆர்க்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களிலிருந்து போனவர்கள் ஏராளம். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், சாதி, கிராமம் என்று பதிவேட்டில் எழுதினார்கள். அந்தப் பெயர்கள் அங்கே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டன. டர்பனிலும் மொரீஷியசிலும் இன்றும் குப்பன், கூப்பன், குப்புசாமி என்ற குடும்பப் பெயரோடு டாக்டர்களும் வக்கீல்களும் இருக்கிறார்கள். அங்கே அந்தப் பெயரைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் பாட்டன் ஊரைத் தேடி வருகிறார்கள். கடல் தாண்டியதும் இழிவு உதிர்ந்து பெயர் மட்டும் நின்றது. இழிவு பெயரில் இல்லை, இந்த மண்ணின் சாதியில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இரண்டு, நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010-ஆம் எண் அரசாணையால் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன் பிறகும் நம் மக்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் எப்படிக் கை மாறின என்று எல்லோருக்கும் தெரியும். அவற்றைக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். நிலத்தை மீட்கப் போகிற தோழர்கள் முதலில் தேடுவது பழைய பதிவேடு. அதில் என்ன எழுதியிருக்கும்? ரமேஷ் என்றா, தினேஷ் என்றா? 'குப்பன் மகன் சின்னான்' என்று எழுதியிருக்கும். 'மூக்கன் மகன் பிச்சை' என்று எழுதியிருக்கும். அந்தக் குப்பன் என் பாட்டன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லவும், வாரிசுச் சங்கிலியைக் காட்டவும் ஆள் இல்லையென்றால் நிலம் போனது போனதுதான். வெட்கப்பட்டு மறைக்கிற பெயர் நமக்குப் பட்டாவாக இருக்கலாம்.

7

இன்றைக்கு எங்கள் சேரியில் நல்ல நல்ல பெயர்கள். பாதி 'ஷ்' என்று முடிகிறது. மீதி அறிவழகன், தமிழ்ச்செல்வன். பெயரைக் கேட்டுச் சாதி கண்டுபிடிக்க முடியாது. பிள்ளைகளுக்கு அந்த நிம்மதி வேண்டும். ஆனால் பெயர் மறைத்ததை ஊர் வேறு கேள்வியால் கண்டுபிடித்துவிடுகிறது. 'உங்க அப்பா பேரு என்னா? எந்தத் தெரு? காலனிக்கு இந்தாண்டயா அந்தாண்டயா?' மூன்று கேள்வியில் முடிந்துவிடும்.

தர்மபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை எழுதும்போது ஒரு பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. சாதி கடந்து கல்யாணம் செய்துகொண்ட நத்தம் காலனி இளைஞர். அதைக் காரணமாக்கி 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய்ப் பக்கத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று சேரிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடி எரித்தார்கள். 2013 ஜூலை 4 அன்று தர்மபுரி ரயில் பாதை ஓரத்தில் அந்த இளைஞர் பிணமாகக் கிடந்தார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இளவரசன்.

ஒரு தாய் பிள்ளை பிழைக்கட்டும் என்று குப்பன் எனப் பெயர் வைத்தாள். இன்னொரு தாய் பிள்ளை தலைநிமிர்ந்து வாழட்டும் என்று இளவரசன் எனப் பெயர் வைத்தாள். இரண்டு பேருடைய ஆசையும் ஒன்றுதான். பேதி, அம்மை, பட்டினி இவற்றிடம் குப்பன் என்ற பெயர் எதையாவது ஒளித்து வைத்ததோ இல்லையோ, சாதியிடம் எந்தப் பெயரும் ஒளித்து வைக்காது. எமனைத் தடுப்பூசியால் துரத்தினோம். இதற்கு அப்படி ஒரு ஊசி கிடையாது. அமைப்பாகத் திரண்டு போராடித்தான் துரத்த வேண்டும்.

அதனால் குப்பன் என்று பிள்ளைகளுக்கு மறுபடியும் பெயர் வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெயருக்கு இனி வேலை வராமல் இருக்கட்டும். தோழர்களிடமும் மாணவர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஊரில் உயிரோடு இருக்கிற கிழவிகளிடம் போய் உட்காருங்கள். குப்பன், தவிடன், மூக்கன், பிச்சை என்று பேர் பெற்றவர்களுக்கு முன்னால் பிறந்து போன பிள்ளைகள் எத்தனை, எந்த வருஷம், என்ன காய்ச்சல், அப்போது வீட்டில் என்ன தின்றார்கள், எந்தப் பண்ணையில் வேலை என்று கேட்டு எழுதுங்கள். ஒரு பெயருக்கு ஒரு பக்கம் போதும். அரசாங்கமும் எழுதாத, புலவரும் பாடாத சேரியின் நூற்றைம்பது வருஷ வரலாறு அந்தப் பக்கங்களில் கிடைக்கும்.

எழுதும்போது ஒன்றை மறக்காதீர்கள். குப்பன் என்று எழுதாதீர்கள். குப்பனார் என்று எழுதுங்கள்.